தீபாவளிக் கோடு

அந்தப் பக்கத்துத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. புதிதாக மாட்டிய ஷவர் ஆறே மாதத்தில் பாதிக் கண் அடைத்துப்போய் ஒரு பக்கமாகத் துப்பும். கெட்டிலில் வெந்நீர் வைத்தால் அடியில் செதில் செதிலாக வெள்ளை மிதக்கும். வாஷிங் மெஷினில் போட்ட கறுப்புப் பேண்ட்டைக் காயவைத்து எடுத்தால் சுண்ணாம்படித்த மேஸ்திரியின் பேண்ட் என்பார்கள். மெட்ரோ ரயில் செங்கல்பட்டைத் தாண்டிப் போய்விட்டது. மாடம்பாக்கத்து போர்த் தண்ணீர் மட்டும் மாறவே இல்லை. நல்ல தண்ணீர் தருகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னார்கள். குழாய் வந்தது, தண்ணீரைத்தான் காணோம்.

இந்த உப்புதான் பூங்கோதைக்குச் சோறு போட்டது. இருபது வருஷமாகக் கீசர் மெக்கானிக். காயிலைக் கழற்றுவது, அதில் பாறையாக ஏறியிருக்கும் உப்பை ஆசிட்டில் கரைப்பது, திரும்ப மாட்டுவது என்றுதான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வரிமானி என்று ஒரு மெஷின் வந்தது, வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு தடவை தண்ணீர் சூடானால் காயில்மேல் மெல்லிசாக ஒரு படலம் உப்பு உட்காரும். மறுநாள் அதன்மேல் இன்னொன்று. எத்தனை வாளித் தண்ணீர் போயிற்று, எவ்வளவு நேரம் காய்ந்தது, விடியற்காலைக் குளிர்ந்த தண்ணீரா, வெயில் ஏறிய பிறகு வந்த தண்ணீரா என்பதெல்லாம் அந்தப் படலத்தின் தடிப்பில் தங்கிவிடும். பாறையில் ஒரு சீவலை எடுத்து வரிமானிக்கு அடியில் வைத்தால் கோடு கோடாகப் படிக்கலாம். கீசர் வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டின் குளியல் அத்தனையும் அதில் இருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? கம்பெனி வேலையாக டெல்லி போயிருந்தேன் என்று சொன்ன கணவன்மார்கள் மாட்டினார்கள். இரண்டே பேர்தான் என்று சொல்லி ஏழு பேரைக் குடிவைத்த வாடகைக்காரர்கள் மாட்டினார்கள். அம்மாவைத் தினமும் வெந்நீரில்தான் குளிப்பாட்டினேன் என்று சாவு வீட்டில் அழுத மருமகள் ஒருத்தி, நாத்தனார் கொண்டுவந்த கோட்டுப் படத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். கடைகளில் வினிகர் பாட்டில் வைக்க வைக்கக் காலியாயிற்று. கடைசியில் சட்டம் போட்டார்கள். வீட்டில் வசிப்பவர் கைரேகை வைத்தால்தான் அந்த வீட்டுக் கோட்டைப் படிக்கலாம்.

பூங்கோதை தன் வீட்டுக் கீசரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவிவிடுவாள். மறைக்க ஒன்றும் இல்லை, கௌரவத்துக்கு இருக்கட்டுமே என்பாள்.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். கீசரைப் போட்டால் வீட்டு மின்சாரமே போகிறது என்று ஒரு பெண் கூப்பிட்டாள். ஜெயலட்சுமி நகரில் மூன்றாம் மாடி. பெயர் வான்மதி, வயது நாற்பதுக்குள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பா தணிகாசலத்துக்கு ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டதால், லீவு போட்டு வந்திருந்தாள். வேறு ஆள் கிடையாது. அம்மா இவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டாள்.

பெரியவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தபால் ஆபீஸில் கடிதம் பிரித்துப் போடும் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சட்டை சலவை மடிப்பு கலையாமல் இருந்தது. நகம் வெட்டியிருந்தது. முகம் மழித்து, கன்னத்தில் லேசாகப் பவுடர்கூட இருந்தது. ஆனால் பூங்கோதை அந்த வீட்டில் இருந்த ஒரு மணி நேரத்தில் மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரை கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள். கடமையில் ஒரு குறை சொல்ல முடியாது.

கீசர் பழைய ஆள். பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டையில் தேதி இருந்தது, பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதம். காயிலைக் கழற்றி வெளியே இழுத்தால் குழந்தைக் கை பருமனுக்கு உப்பு ஏறியிருந்தது. இதைக் கழுவிப் பிரயோசனம் இல்லை, புதுக் காயில்தான் என்று பூங்கோதை சொன்னாள். வான்மதி தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை.

"இதைப் படிப்பீங்களாக்கா?"

"படிப்பேம்மா. உங்களுக்கு என்ன தெரியணும்?"

"ஒரே ஒரு நாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளி அன்னிக்கு."

அப்புறம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால், தை மாதம், ஜெயசீலன் என்பவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போனவள் அவள். சாதியும் வேறு, வேதமும் வேறு. உன்னைத் தலைமுழுகியாச்சு என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். மறு வருஷம் ஜெனி பிறந்தாள். போட்டோ வைத்துக் கடிதம் போட்டாள்; ஊரார் கடிதத்தையெல்லாம் முப்பது வருஷம் பிரித்துப் போட்ட மனுஷன், இதற்கு ஒரு வரி பதில் எழுதவில்லை. ஜெனிக்கு நாலு வயது நடக்கும்போது புரட்டாசிக் கடைசியில் காய்ச்சல் வந்தது. நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் குழந்தை இல்லை. அப்பாவுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். அவர் வரவில்லை. போன்கூடப் பண்ணவில்லை. அடுத்த இருபத்திரண்டாம் நாள் தீபாவளி.

"அன்னிக்கு அவர் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கக்கா. குளிக்கலைன்னா, நான் இவரை ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க வீட்டுக்காரர் எப்பவோ சரின்னுட்டார். குளிச்சிருந்தார்னா, ஹோம்ல இடம் சொல்லி வெச்சிருக்கேன். தீபாவளிக்கு முந்தின நாள் காலையில பத்து மணிக்கு வேன் வரும்."

பூங்கோதைக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மனுஷனை எங்கே வைத்துச் சோறு போடுவது என்பதைக் கீசரைக் கேட்டா முடிவு பண்ணுவது? ஆனால் ஒன்பது வருஷம் ஒரே கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு இருந்தவளிடம் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. படிவத்தை எடுத்தாள்.

கோட்டை எப்படி வருஷம் பிரிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தினம் ஒரு கோடு என்று முந்நூற்று அறுபத்தைந்து எண்ண முடியாது, கோடையில் பாதிப் பேர் கீசர் பக்கமே போவதில்லை. அதற்கு இந்தத் தொழிலில் கண்டுபிடித்த வழிதான் தீபாவளிக் கோடு. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், விடிவதற்கு முன்னால், எண்ணெய்த் தலையோடு வீடே வரிசையில் நின்று வெந்நீர் ஊற்றிக்கொள்ளும். அன்றைய கோடு தடித்து, பளிச்சென்று தெரியும். ஒரு தீபாவளிக் கோட்டுக்கும் அடுத்த தீபாவளிக் கோட்டுக்கும் நடுவே ஒரு வருஷம். மெஷின் கடைசிக் கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போகும். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை, கோடும் இருக்காது. அதற்காகப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு.

"பங்காளி வகையில சாவு ஏதாவது? எந்த எந்த வருஷம்?"

"பெரியப்பா. நாலு வருஷம் ஆச்சு. வேற யாரும் இல்ல."

பூங்கோதை எழுதிக்கொண்டாள். ஜெனியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சாவுக்கு அப்பன் வீட்டில் வருஷத் துக்கம் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

வான்மதி அப்பாவின் இடது கையை எடுத்துப் பெருவிரலை ரேகைப் பலகையில் வைத்தாள். பெரியவர் கழற்றிப் போட்டிருந்த காயிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். விரல் ஒரு கணம் பின்னால் இழுத்தது. பூங்கோதை அதைப் பார்த்தாள். பார்த்தும், பலகையில் பச்சை விளக்கு எரிந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் புதுக் காயிலை மாட்டி, பழையதை எடுத்துக்கொண்டு பையைக் கட்டினாள்.

பட்டறையில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பெரியப்பா செத்த வருஷத்தைப் போட்டதும் மெஷின் சரசரவென்று வருஷங்களைக் குறித்துக்கொண்டு போயிற்று. கேட்ட வருஷத்துத் தீபாவளி தடியாக, வெள்ளை வெளேரென்று நின்றது. கடைசியில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கியது, கீசர் வாங்கிய தேதிக்குக் கணக்குப் பார்த்தால் மொத்தத்தில் ஒரு கோடு குறைகிறது என்று. ஆனியில் வாங்கின கீசரைத் தீபாவளி கழித்து மாட்டியிருப்பார்கள், பெட்டியைப் பிரிக்காமலே பரண்மேல் வைக்கிற ஜனங்கள்தானே என்று பூங்கோதை அதை அணைத்தாள். இருபது வருஷ அனுபவம் இருக்கிறது பாருங்கள், அதுதான் அவளைக் கவிழ்த்தது.

வெள்ளிக்கிழமை நேரில் போய்ச் சொன்னாள். போனில் சொல்லும் விஷயமாக அவளுக்குப் படவில்லை.

"குளிச்சிருக்கார்மா. விடியக்காலம் நாலு மணி வாக்குல."

வான்மதி அவ்வளவுதானா என்று கேட்டாள். பூங்கோதை அங்கேயே வாயை மூடியிருக்கலாம். தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அது பேசவைத்தது. மற்ற நாளெல்லாம் ஒரு வாளிதான், அன்றைக்கு மட்டும் ரெண்டரை வாளி போயிருக்கிறது, பெரியவர்கள் இரண்டு பேரும் சின்னது ஒன்றும் குளித்த மாதிரி இருக்கிறது என்றாள்.

"பெரியப்பாவோட பேரன்." வான்மதி சிரித்தாள், பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு. "அவனும் அப்ப நாலு வயசுதான். அவங்களை வரவழைச்சுக் கொண்டாடியிருக்கார். என் பிள்ளை செத்து இருபத்திரண்டே நாள்ல."

உள்ளே பெரியவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. வான்மதி போய்ப் பார்த்தாள். தலையணையைச் சரிபண்ணினாள், போர்வையை இழுத்துவிட்டாள், ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாள். வேன்காரருக்கு அங்கேயே நின்று போன் பண்ணினாள். பூங்கோதை கொடுத்த கோட்டுப் படத்தை வாங்கி, நாலாக மடித்து, குப்பைக்கூடையில் போட்டாள்.

அந்தப் பழைய காயில் பட்டறை மூலையில் கிடந்தது. ஆசிட் தொட்டியில் போட்டுக் கரைத்துவிடுவதுதான் வழக்கம். பூங்கோதைக்கு என்னவோ அதில் கை வைக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மழையோடு வீட்டுக்கு வந்தாள். புதன்கிழமை தீபாவளி. எண்ணெய் காய்ச்ச மிளகும் இஞ்சியும் எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தடவையாவது நாலு மணிக்கு எழுப்பாமல் ஐந்து மணிக்கு எழுப்புங்களேன் என்று புருஷனைச் சீண்டினாள். ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறவர். மற்ற நாளெல்லாம் ஏழு மணிவரைக்கும் தூங்குவார், தீபாவளி அன்றைக்கு மட்டும் சூரியனையே எழுப்பிவிடுகிற ஆள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் எண்ணெய் வேணாம் கோதை."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. போன மாதம் ஆட்டோ ஸ்டாண்டில் வேங்கடேசு இருந்த இருப்பில் போய்விட்டான். இருபது வருஷம் அவர் வண்டிக்குப் பின்னால் வண்டி போட்டவன். ஆனாலும் ஒரு பேச்சுக்கு, அவரு என்ன நமக்குப் பங்காளியா, முறைப்படி நமக்குத் துக்கம் இல்லையே என்றாள்.

"முறைப்படி இல்லதான்," என்றார் ஏழுமலை. "மனசு வரல."

பூங்கோதை கையில் மிளகோடு அப்படியே நின்றாள். இந்த வருஷம் நம் கீசரில் தீபாவளிக் கோடு இருக்காது. எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் இந்த வருஷத்துக்குக் காரணம் வராது. செத்தவன் பங்காளி இல்லை. அந்த மஞ்சள் விளக்கு அவள் கண்முன்னால் மினுக்கியது. ஒரு கோடு குறைகிறது, ஒரு கோடு குறைகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கெல்லாம் பட்டறையைத் திறந்தாள். மெஷின் போட்ட வருஷங்களை அழித்துவிட்டு, சீவலைக் கண்ணாலேயே பார்த்து எண்ணத் தொடங்கினாள். கோடை வந்தால் கீசர் கிடப்பில் கிடக்கும், அந்த இடத்தில் வண்டல் படிந்து மங்கலாக ஒரு பட்டை விழும். இரண்டு தீபாவளிக்கு நடுவே ஒரு கோடைதான் இருக்க முடியும். பெரியப்பா செத்த வருஷத்தில் இரண்டு கோடை இருந்தது, அது சரி. இன்னும் நாலு தீபாவளி பின்னால் போனாள். அங்கேயும் இரண்டு கோடை. நடுவில் இருக்க வேண்டிய தீபாவளி இல்லை. அன்றைக்கும் அதற்கு முன்னும் பின்னும் தினம் ஒரு வாளி, வழக்கமான கோடுதான் நின்றது. மனுஷன் வீட்டில்தான் இருந்திருக்கிறார், தினமும் குளித்திருக்கிறார். பண்டிகைதான் இல்லை.

அவள் வான்மதியிடம் படித்துச் சொன்னது அதற்கு முந்தைய வருஷத்துத் தீபாவளியை. ஜெனி உயிரோடு இருந்த வருஷம் அது.

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. ஆனால் கண் இன்னொன்றைப் பார்த்துவிட்டது. மற்ற தீபாவளிக் கோடுகளையும் ஒவ்வொன்றாக அளந்தாள். நம்ப முடியாமல் முதலிலிருந்து மறுபடியும் அளந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை.

மழை விடவில்லை. சேலையூர் ஏரிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனாள். வான்மதியின் போன் எடுபடவில்லை. கேட்டில் வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டை நீட்டினார். பதினேழு வருஷமாக அங்கேயே இருப்பவர். கையெழுத்துப் போட்டபடியே, தீபாவளிக்குத் தணிகாசலம் ஐயா வீட்டுக்கு அண்ணன் வீட்டு ஆட்கள் வருவார்களா என்று கேட்டாள்.

"அவரு வீட்டுக்கா? தீபாவளின்னு இல்ல, எந்த நாளும் ஒரு ஈ காக்கா வந்ததில்லம்மா. அண்ணன் தம்பிக்குள்ள அந்தப் பொண்ணு போனதிலேர்ந்தே பேச்சு இல்ல."

மாடியில் கதவு திறந்திருந்தது. பெட்டி வாசலில் இருந்தது. பெரியவருக்குப் புதுச் சட்டை போட்டு, மேலே ஸ்வெட்டர் மாட்டி, நாற்காலியை லிஃப்ட் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வேன்காரப் பையன்கள் இரண்டு பேர் கீழே போய்விட்டு வருகிறோம் என்று படியிறங்கினார்கள். பூங்கோதை சொட்டச் சொட்ட உள்ளே வந்து, வான்மதி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"தப்பாப் படிச்சுட்டேம்மா. ஒரு வருஷம் தள்ளிப் படிச்சுட்டேன். நீங்க கேட்ட தீபாவளிக்கு இவர் எண்ணெய் தேய்க்கல."

வான்மதி நம்பவில்லை. யாராவது உங்களிடம் பேசினார்களா, இரக்கப்பட்டு மாற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பூங்கோதை சீவல் படத்தைத் தரையிலேயே விரித்து உட்கார்ந்து, இந்தா கோடை, இந்தா இன்னொரு கோடை, நடுவில் எங்கே தீபாவளி என்று விரலால் காட்டினாள். வான்மதியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள்.

"நமக்கு அது தீட்டு இல்லையேக்கா. பொண்ணோட பிள்ளை. வேற வம்சம்."

"ஆமா. அதனாலதான் படிவத்துல நாம ரெண்டு பேருமே எழுதல. இவர் யாரையும் கேட்கல போல."

வான்மதியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அழுவாள் என்று பூங்கோதை நினைத்தாள். ஆனால் வந்தது கோபம்தான்.

"வந்திருக்கலாம்ல? பஸ் ஏறினா ஏழு மணி நேரம். ஒரு தடவை வந்து அந்தக் குழந்தை மூஞ்சியைப் பார்த்திருக்கலாம்ல? இங்க உட்கார்ந்துகிட்டு எண்ணெய் தேய்க்காம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அதைப் பூங்கோதையைப் பார்த்துச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். பெரியவர் முகத்தைத் திருப்பவில்லை. இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கி மீசைக்குள் போயிற்று. பதில் சொல்ல வேண்டிய வாய் ஆடியிலேயே போய்விட்டது, இருந்தபோதும் அது சொன்னதில்லை.

பூங்கோதை எழுந்து நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு விரலை இழுத்தீங்களே ஐயா, பார்த்துட்டும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன், உங்க வீட்டு விஷயத்தை உங்களைக் கேட்காமல் படிச்சது தப்புதான் என்றாள். இன்னும் ஒன்று இருக்கிறது, அதை மகளிடம் சொல்லலாமா, கூடாதென்றால் அந்தக் காயிலைப் போய்க் கரைத்துவிடுகிறேன் என்றாள். பெரியவர் மகளைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"தீபாவளிக்கு உங்க வீட்டுல எப்படிம்மா குளிப்பீங்க?" என்று வான்மதியைக் கேட்டாள் பூங்கோதை.

"எப்படின்னா? அப்பா நாலு மணிக்கு எழுந்து ரெண்டு வாளி வெந்நீர் பிடிப்பார். முதல் வாளி எனக்கு. வாளி நிறைஞ்சாத்தான் என்னை எழுப்புவார். ஸ்டவ்ல வெந்நீர் காயற வரைக்கும் நான் எண்ணெய்த் தலையோட காத்திருக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கீசரே வாங்கினார்."

"நீங்க போனதுக்கு அப்புறமும் தீபாவளிக்கு ரெண்டு வாளிதான் பிடிச்சிருக்கார். போன வருஷம் வரைக்கும். உங்க பெரியப்பா வீட்டு ஆளுங்க யாரும் வரல, கீழ கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒத்தை ஆளு, ரெண்டு வாளி."

வான்மதி தரையில் கிடந்த படத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நடுவுல ஒரு நாலு வருஷம் மட்டும் ரெண்டரை வாளி," என்றாள் பூங்கோதை. "நீங்க போட்டோ போட்டு லெட்டர் எழுதின வருஷத்துலேர்ந்து. உங்க பொண்ணு போன வருஷம் ஒண்ணுமே இல்ல. அதுக்கு அப்புறம் மறுபடி ரெண்டு."

லிஃப்ட் கதவு திறந்தது. போகலாமா மேடம் என்று வேன்காரப் பையன் பெட்டியைத் தூக்கினான். வான்மதி தரையில் கிடந்த படத்தில் அந்த நாலு கோட்டையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். முதல் கோட்டில் அவளுடைய விரல் நின்றது. அப்போது ஜெனிக்கு மூன்று மாதம். தலை நிற்கக்கூட இல்லை, அதற்கு எதுக்கு அரை வாளி என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒன்பது வருஷத்து அழுகை, ஒரேயடியாக வந்தது. பூங்கோதை அவளைத் தொடவில்லை. அப்பாவின் இடது கை நாற்காலியின் பக்கவாட்டில் துழாவியது, எட்டவில்லை. வான்மதிதான் நகர்ந்து போய் அதன் அடியில் தலையைக் கொண்டுபோனாள்.

வேன் வெறுமனே திரும்பிப் போயிற்று. பெட்டியை உள்ளே எடுத்து வைத்தது பூங்கோதைதான். பழைய காயிலை என்ன செய்ய என்று கேட்டாள். கரைக்க வேண்டாம், அப்படியே கொண்டுவந்து கொடுங்கள், ஓசூருக்கு எடுத்துப் போகிறேன் என்றாள் வான்மதி. ஸ்வெட்டரைக் கழற்றும்போது, கையைத் தூக்குப்பா, கொஞ்சம் தூக்கு, ஆ, அவ்வளவுதான் என்று அவள் பேசிக்கொண்டே செய்தாள்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. பூங்கோதை செருப்பை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து வான்மதி கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது, கையில் நல்லெண்ணெய்ப் பாட்டில் இருந்தது.

"அக்கா, புதுக் காயில் எப்படின்னு எனக்குத் தெரியாது. ரெண்டரை வாளிக்கு எத்தனை நிமிஷம் முன்னாடி போடணும்?"

பூங்கோதை மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐப்பசித் தண்ணீர், விடியற்காலம், நன்றாகக் குளிர்ந்திருக்கும்.

"நாப்பது நிமிஷம் முன்னாடி போடும்மா," என்றாள். "மூணு இருபதுக்கு எழுந்துக்கோ."